பழைய ஹைலக்ஸின் அடியில் எழும் உறுமல்: கியர் பெட்டியை இறக்குவதற்கு முன்

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். தகப்பனார் வாங்கிய டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106 டபுள் கப் பிக்கப் இன்னும் அவர்கள் வீட்டில் ஓடுகிறது. நெல், உரம், சில நாட்களில் முழுக் குடும்பம் என்று எல்லாவற்றையும் சுமக்கும் வாகனம் அது. கடந்த மார்கழி மழைக்குப் பிறகு, மணிக்கு 35 கிலோமீற்றரைத் தாண்டியதும் பின் இருக்கைக்குக் கீழே ‘கரகர’ என்று தொடங்கி உறுமலாக வளரும் ஒரு சத்தம் கேட்கிறதாம். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் சத்தத்தின் குரல் மாறுகிறது, ஆனால் நிற்பதில்லை. மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் அதே வேகத்தில் அதே சத்தம். வாகனத்தைப் பார்த்த கராஜ் ஒன்றில், கியர் பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெருந்தொகையையும் கூறியிருக்கிறார்கள். இறக்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

தம்பி, இப்போதைக்கு இறக்க வேண்டாம். மூன்றிலும் நான்கிலும் ஒரே சத்தம் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. வாகனத்தின் வேகம் மாறாமல் கியர் மட்டும் மாறும்போது, கியர் பெட்டிக்குள் சுழலும் கீழ் அச்சின் வேகம் மாறுகிறது. பழுது அந்த அச்சிலோ அதன் பெயாரிங்கிலோ இருந்திருந்தால் சத்தத்தின் சுருதியும் மாறியிருக்க வேண்டும். சுருதி மாறவில்லை என்றால், கியர் பெட்டியில் இருந்து வெளியே வந்த பிறகு, சில்லின் வேகத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றுதான் சத்தமிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அது விசையைப் பின்னால் கொண்டுபோகும் நீள அச்சான புரொப்பெலர் சாப்ட், அந்த விசையை இரு பின் சில்லுகளுக்கும் பிரிக்கும் பின் டிபரன்ஷல், சில்லுப் பெயாரிங், ஏன் வெறும் ரயராகக்கூட இருக்கலாம். இவற்றில் எது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுதும், அமைதியான ஒரு தெருவும், கூடவே வர ஒருவரும் போதும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரை, முப்பது வருடப் பழைய பிக்கப் ஒன்றின் விலை எங்கே போய் நின்றது என்பதை வன்னியில் வாகனம் வைத்திருக்கும் எவரும் அறிவர். இந்த வாகனங்களை விற்றுவிட்டு வேறு வாங்க எங்கள் கமக்காரரில் பெரும்பாலானோரால் முடியாது. அப்படிப்பட்ட வாகனத்தில் பழுதில்லாத ஒரு பெட்டியைத் திறப்பது பண நட்டத்தோடு மட்டும் முடிவதில்லை. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பழைய ஒயில் சீல் ஒன்று கிழியும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடு ஒன்று இடம் மாறும், புழுதி உள்ளே போகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கியர் பெட்டிகள் இந்த வகையில் கெட்டுப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரிய பழுதுகளைத் தேடுவதற்கு முன், சிறிய ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். சில வருடங்களுக்கு முன் துணுக்காய்ப் பக்கத்தில் இருந்து ஒரு பிக்கப்பை என்னிடம் கொண்டுவந்தார்கள். முன் சில்லுப் பக்கம் இரும்பை இரும்பில் அரைப்பது போன்ற சத்தம். வேறோரிடத்தில் இரண்டு பெயாரிங்குகளும் மாற்றப்பட்டிருந்தன, சத்தம் போகவில்லை. சில்லைக் கழற்றி, பிறேக் தட்டுக்குப் பின்னால் உள்ள தகட்டு மறைப்பில் ரோச் வெளிச்சத்தைப் பாய்ச்சினேன். மறைப்புக்கும் தட்டுக்கும் நடுவே, கடலை அளவில், ஒரு கிறவல் கல். ஒரு பக்கம் சிவந்து சொரசொரப்பாகவும், தட்டில் உரசிய மறுபக்கம் கண்ணாடி போல் மழுங்கியும் இருந்தது. தகட்டைச் சிறிது வளைத்தவுடன் அது நிலத்தில் விழுந்தது. கிறவல் வீதிகளில் ஓடும் வாகனத்தில் இது அடிக்கடி நடப்பது. அதனால் நான்கு சில்லுகளையும் ஒவ்வொன்றாக ஜக்கில் உயர்த்தி, கையால் சுழற்றிப் பாருங்கள். மறைப்புத் தகடு வளைந்து தட்டைத் தொடுகிறதா, பிறேக் பாட் தேய்ந்து இரும்பு தெரிகிறதா, பின் டிரம்முக்குள் ஏதும் உடைந்து கடகடக்கிறதா என்று கேளுங்கள். ஹான்ட் பிறேக்கை முழுமையாக விட்டபின் பின் சில்லு தாராளமாகச் சுழல வேண்டும்.

ஜக்கில் உயர்த்தும்போது கவனம் தேவை. ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். பாலை மரக் குற்றியோ இரும்புத் தாங்கியோ அடியில் வையுங்கள், தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பின் சில்லுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் சத்தம் கேட்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. வாகனம் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் தாங்கியில் இருந்து இறங்கி ஓடிவிடும். சாரம் கட்டிக்கொண்டு சுழலும் புரொப்பெலர் சாப்டுக்கு அருகே குனிவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. துணியின் ஓர் ஓரம் சாப்டின் முனை மூட்டான யூ ஜொயின்ற்றில் சிக்கினால் கையை இழுக்கவும் நேரம் கிடைக்காது. சந்தேகத்தின் பெரும்பகுதியை வீதியில் ஓட்டியே தீர்த்துக்கொள்ள முடியும் என்பதால் அந்த ஆபத்துக்குத் தேவையும் இல்லை.

இனி வீதிச் சோதனை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலோ மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலோ நேரான, தட்டையான ஒரு பகுதியைத் தெரிவு செய்யுங்கள். காலையில் பஸ்களும் ரிப்பர் லொறிகளும் தொடங்குவதற்கு முன் போங்கள். கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், வானொலியை நிறுத்துங்கள், பின்னால் கிடக்கும் மண்வெட்டி, ஜக், சங்கிலி எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வையுங்கள். காது நல்ல ஒருவரைப் பின் இருக்கையில் அமர்த்துங்கள். நீங்கள் ஓட்டும் வேலையை மட்டும் பார்க்க, கேட்பதை அவர் எழுதட்டும்.

முதலில் நான்காம் கியரில் 50 வரை கொண்டுபோய், சத்தம் தெளிவாகக் கேட்கும்போது கிளச்சை அமத்தி நியூற்றலுக்கு எடுத்து, பின்னர் கிளச்சை விட்டுவிடுங்கள். என்ஜினை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் பிறேக்குக்குக் கிடைக்கும் வெற்றிட உதவி போய்விடும். இப்போது என்ஜின் சும்மா நிற்கும் வேகத்தில் சுழல்கிறது. கியர் பெட்டியின் முன் பகுதியும் அந்த மெல்லிய வேகத்தில்தான் சுழல்கிறது. வெளி அச்சு, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டி, புரொப்பெலர் சாப்ட், டிபரன்ஷல், சில்லுகள் மட்டுமே வாகனத்தின் வேகத்தோடு ஓடுகின்றன. சத்தம் மாறாமல் தொடர்ந்தால் பழுது இந்தப் பின் வரிசையில் இருக்கிறது. நியூற்றலுக்கு வந்தவுடன் சத்தம் நின்றால் இரண்டு பொருள் உண்டு: ஒன்று, பழுது கியர் பெட்டியின் முன் பகுதியில் இருக்கிறது; அல்லது, பழுதான பாகம் சுமை ஏறும்போது மட்டுமே குரல் கொடுக்கிறது. அந்த இரண்டாவது சாத்தியத்தை மறந்துவிடுவதால்தான் பல நல்ல கியர் பெட்டிகள் இறக்கப்படுகின்றன.

ஆகவே அடுத்த சோதனை சுமையைப் பற்றியது. அதே 50இல், முதலில் அக்சிலேற்றரை மிதித்து வாகனத்தை இழுக்க வையுங்கள். பின்னர் வேகம் ஏறவும் இறங்கவும் இல்லாமல் மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னர் கியரிலேயே காலை முழுவதும் எடுத்து, என்ஜின் வாகனத்தைப் பிடித்து நிறுத்துவதைப் போல விடுங்கள். இந்த மூன்று நிலைகளிலும் டிபரன்ஷலின் பெரிய பற்சக்கரமான கிறவுனும் அதைச் சுழற்றும் சிறிய பினியனும் பற்களின் வெவ்வேறு பக்கங்களில் தாங்குகின்றன. பினியன் பெயாரிங்குகளில் விழும் விசையும் திசை மாறுகிறது. இழுக்கும்போது ‘ஊ’ என்ற ஊளையும், காலை எடுத்தால் வேறு குரலும் வந்தால் கிறவுன் பினியன் பற்களின் தொடுகையைச் சந்தேகிக்க வேண்டும். ஊளையாக இல்லாமல் கரடுமுரடான உறுமலாக வந்து, சுமை மாறும்போது அதன் குரலும் மாறினால் பினியன் பெயாரிங் என்பது என் அனுபவம். நீங்கள் விவரித்தது இந்த இரண்டாவது வகைக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. மூன்று நிலைகளிலும் எந்த வித்தியாசமும் இல்லாமல் ஒரே முணுமுணுப்பாக இருந்தால் சில்லுப் பெயாரிங்கையோ ரயரையோ நோக்கிப் போக வேண்டும்.

மூன்றாவது, வளைத்தல். பாதை அகலமாகவும் வெறுமையாகவும் இருக்கும் இடத்தில், 40இல், மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது வாகனத்தின் பாரம் வலப்பக்கச் சில்லுகளில் சாய்கிறது. அப்போது சத்தம் கூடி, வலப்பக்கம் திரும்பும்போது குறைந்தால், வலப்பக்கச் சில்லுப் பெயாரிங் ஒன்று தேய்ந்திருக்கிறது. நேராக ஓடும்போது அமைதியாக இருந்து, இறுக்கமான திருப்பத்தில் மட்டும் பின்னால் அரைத்தால், டிபரன்ஷலுக்குள் இருக்கும் சிறிய பற்சக்கரங்களைப் பார்க்க வேண்டும்.

சத்தத்தை எண்ணிப் பார்க்கும் ஒரு வழியும் உண்டு. அதை நான் மிகவும் நம்புகிறேன். உங்கள் வாகனத்தின் ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீற்றர் ஓடும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு ஒரு செக்கனுக்கு இரண்டரைச் சுற்றுக்குக் கிட்டச் சுழலும். புரொப்பெலர் சாப்ட் அதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது செக்கனுக்குப் பத்துத் தடவை. சில்லோடு சேர்ந்த பழுது ‘டக்... டக்... டக்’ என்று விரலால் தாளம் போடக்கூடிய அளவில் வரும். புரொப்பெலர் சாப்டோடு சேர்ந்தது தாளம் போட முடியாத அதிர்வாக வரும். 20இல் ஓட்டிக்கொண்டு தொடையில் தாளம் போட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சில்லு, பிறேக், ரயர் என்ற வட்டத்துக்குள்ளேயே தேடுங்கள்.

ரயரைச் சும்மா விட்டுவிடாதீர்கள். கட்டைப் பூ வைத்த ரயர்கள் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தால், தேய்ந்த பெயாரிங் போலவே உறுமும். தார் வீதியில் இருந்து கிறவலுக்கு இறங்கியவுடன் சத்தத்தின் தன்மை முற்றாக மாறினால் அது ரயர். முன் இரண்டையும் பின் இரண்டையும் மாற்றிப் பூட்டி ஓட்டினால் சத்தமும் இடம் மாறும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கியர் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுடையது அதுவல்ல என்று நான் நினைத்தாலும், அடுத்த முறை வேறு சத்தம் வரும்போது உதவும். வாகனம் நின்றபடி, நியூற்றலில், என்ஜின் ஓடும்போது ஒரு முணுமுணுப்பு இருந்து, கிளச்சை அமத்தியவுடன் அது நின்றால், கியர் பெட்டியின் முன் அச்சுப் பெயாரிங் அல்லது கீழ் அச்சுப் பெயாரிங். கிளச்சை அமத்தும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் கிளச் ரிலீஸ் பெயாரிங். மற்றக் கியர்கள் எல்லாவற்றிலும் அரைத்து நான்காம் கியரில் மட்டும் அமைதியாக இருந்தால் கீழ் அச்சைச் சந்தேகிக்கலாம். நான்காம் கியரில் என்ஜினின் விசை கீழ் அச்சுக்குப் போகாமல் நேராகவே பின்னால் போகிறது. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்தக் கியரின் பற்கள். கியர் போடும்போது ‘நற’ என்று அரைப்பது வேறு விடயம். அப்போது கிளச்சை முழுவதும் அமத்திக்கொண்டு ஐந்தாறு செக்கன் பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்படிப் பொறுத்தும் அரைத்தால் கிளச் முழுமையாக விடவில்லை. பெரும்பாலும் கிளச் எண்ணெய்க் குழாயில் காற்று, அல்லது மேல் கீழ் சிலிண்டர்களில் ஒன்றில் கசிவு. இரண்டும் பெட்டியை இறக்காமலே முடிகிற வேலைகள்.

புரொப்பெலர் சாப்டைக் கையாலேயே சோதிக்கலாம். சில்லுகளுக்குக் கல் வைத்து, நியூற்றலில் விட்டு, வாகனத்தின் கீழே போய், ஒவ்வொரு யூ ஜொயின்ற்றின் இரு பக்கங்களையும் இரு கைகளாலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். மூட்டின் நடுவே உள்ள சிலுவையில் ஒரு மயிரிழை ஆட்டம்கூட இருக்கக் கூடாது. தொப்பிகளின் ஓரத்தில் குங்குமம் போலச் சிவந்த தூள் படிந்திருந்தால், உள்ளே கிறீஸ் தீர்ந்து ஊசிப் பெயாரிங்குகள் துருவாகிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ஜொயின்ற், வாகனம் மெதுவாக நகரும்போது குருவி போலக் கீச்சிடும்; காலையில் அதிகமாகவும் சூடானபின் குறைவாகவும் கேட்கும். கிறீஸ் அடிக்கும்போது நான்கு தொப்பிகளிலும் இருந்து புதுக் கிறீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். ஒரு பக்கத்தால் வந்தவுடன் நிறுத்துவதுதான் பெரும்பாலான ஜொயின்ற்றுகள் சாவதற்குக் காரணம். சாப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுப் பெயாரிங்கின் ரப்பரையும் பாருங்கள். அது கிழிந்தால் புறப்படும்போது தரையில் அதிர்வு வரும். எதற்காகவாவது சாப்டைக் கழற்ற நேர்ந்தால், கழற்றுவதற்கு முன் இரு பக்கமும் உளியாலோ பெயின்ற்றாலோ அடையாளம் இடச் சொல்லுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினால் இரு முனைகளின் சிலுவைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போய், முன்பு இல்லாத ஒரு நடுக்கம் வாகனத்தில் குடியேறும்.

சில்லுப் பெயாரிங்குக்கு, கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியிலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனங்களும் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்தோ மாங்குளப் பக்கத்தில் இருந்தோ ஓரளவு தூரம் நிற்காமல் ஓடி, கடைசியில் பிறேக்கை அதிகம் பிடிக்காமல் வந்து நிறுத்துங்கள். தேங்காய் வாங்கப் போவதற்கு முன் வாகனத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். மூன்று ஒரே சூட்டிலும் ஒன்று கை வைக்க முடியாத சூட்டிலும் இருந்தால், அங்கே பெயாரிங் இறுகியிருக்கிறது அல்லது பிறேக் விடாமல் பிடிக்கிறது. அப்படியே பின்னால் குனிந்து டிபரன்ஷலின் வயிற்றில் மட்டுமல்லாமல், அதன் மூக்குப் பகுதியில், பினியன் இருக்கும் இடத்திலும் பாருங்கள். நீண்ட ஓட்டத்தின் பின் டிபரன்ஷல் முழுவதும் சூடாவது இயல்பு. மூக்கு மட்டும் வயிற்றைவிட மிக அதிகமாகச் சுட்டால் பினியன் பெயாரிங்கின் மீதான சந்தேகம் உறுதிப்படுகிறது. பயணந்தோறும் இந்த ஒரு சுற்று நடையைப் பழக்கமாக்கிக்கொண்ட சாரதிகளின் வாகனங்கள் என்னிடம் இழுத்துக்கொண்டு வரப்பட்டதில்லை.

இப்போது உங்கள் கடிதத்தின் மற்றொரு வரிக்கு வருகிறேன்: மார்கழி மழைக்குப் பிறகு. அந்த நாட்களில் குளங்கள் வான் பாயும் இடங்களையும் வெள்ளம் மூடிய மதகுகளையும் எத்தனை தடவை கடந்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஓடிச் சூடேறிய டிபரன்ஷல் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை ஈடுசெய்யவே அச்சுக் குழாயின் மேலே ஒரு சிறிய மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். அது செம்மண் புழுதியால் அடைபட்டிருந்தால், டிபரன்ஷல் கூடு காற்றுக்குப் பதிலாகச் சீலின் உதடுகள் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். திறந்திருந்தாலும், மூச்சுக்குழல் மூழ்கும் ஆழத்தில் நின்றால் அதன் வழியாகவே நீர் போகும். உள்ளே போன நீர் ஒயிலோடு கடைபட்டு மோர் நிறமாகும். அந்த மோர் பெயாரிங் உருளைகளுக்கு நடுவே படலமாக நிற்காது. வாகனம் நிற்கும் இரவுகளில் உருளை தொடும் இடங்களில் துருப் புள்ளிகள் விழும். பிறகு ஓடும்போது அந்தப் புள்ளிகள்தான் உறுமுகின்றன. வட்டுவாகல் போன்ற கடல்நீரேரிப் பக்கங்களில், உவர்நீரில் இறங்கிய வாகனத்துக்கு இது இன்னும் விரைவாக நடக்கும். வெள்ளம் வந்த அன்று சத்தம் வராது. நீர் போய்ச் சில வாரங்கள் கழித்தே வரும். அதனால் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் தொடர்புபடுத்தி எழுதியது நல்லது.

இதை உறுதிப்படுத்த, பின் டிபரன்ஷலின் நிரப்பும் நட்டை முதலில் கழற்றுங்கள். கீழே உள்ள வடிக்கும் நட்டை முதலில் கழற்றக் கூடாது. ஒயிலை எல்லாம் வடித்துவிட்ட பிறகு, துருப்பிடித்த நிரப்பும் நட்டு அசையாமல் நின்றால், வாகனம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நிரப்பும் துளைக்குள் சுண்டுவிரலை விட்டு வளைத்துப் பாருங்கள். துளையின் கீழ் விளிம்போடு ஒயில் நிற்க வேண்டும். விரலில் வருவதை வெயிலில் பிடியுங்கள். தேன் நிறமோ, பழகிய கறுப்போ ஒன்றும் இல்லை. பாலூற்றிய கோப்பி போல இருந்தால் நீர். பிறகு, வாகனம் ஓடிச் சூடாக இருக்கும்போது வடித்து, காந்தம் வைத்த நட்டாக இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரல்களால் தேயுங்கள். மை போன்ற மெல்லிய சாம்பல் பசை எல்லாப் பழைய டிபரன்ஷலிலும் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் செதில், தகடாக உரிந்த துண்டு, பல்லின் மூலை போன்ற கட்டி ஆகியவை இருந்தால் வாகனத்தை இனிச் சுமையோடு ஓட்டக் கூடாது. கியர் பெட்டி ஒயிலில் பொன்னிறத் தூள் மினுங்கினால் அது கியர்களை அரையாமல் இணைக்கும் சிங்க்ரோ வளையங்களின் பித்தளை.

பின்னர் புரொப்பெலர் சாப்டின் பின் முனையைக் கழற்றி, அது பூட்டப்பட்டிருந்த பினியன் தட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுழலும் திசையில் சிறிய ஆட்டம் இருக்கலாம். மேலும் கீழுமான ஆட்டம் சிறிதும் இருக்கக் கூடாது. மெதுவாகச் சுழற்றும்போது மணல் அரைவது போலக் கையில் உணர்ந்தால், வேறு சோதனை தேவையில்லை.

இங்கே ஒரு தவறான வைத்தியத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பினியனில் ஆட்டம் தெரிந்தால் அதன் பெரிய நட்டை இழுத்து இறுக்கிவிடுவார்கள். சத்தம் சில நாட்கள் குறைந்தும் போகும். ஆனால் அந்த நட்டுத்தான் இரண்டு பினியன் பெயாரிங்குகளின் முன்சுமையை, அதாவது அவை எவ்வளவு இறுக்கமாக அமர்கின்றன என்பதைத் தீர்மானிக்கிறது. தேய்ந்த பெயாரிங்கை அளவில்லாமல் இறுக்கினால் அது கொதித்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் ஓடும் வேகத்தில் பின் சில்லுகள் பூட்டிக்கொள்ளும். சுமையேற்றிய பிக்கப் ஏ9இல் அந்த நிலைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

சரியான வேலை இதுதான். ஹைலக்ஸின் பின் டிபரன்ஷல், இரண்டு பக்க அச்சுகளையும் சிறிது வெளியே இழுத்தபின், முன்பக்கமாக ஒரே கட்டியாகக் கழன்று வரும். அதை மேசையில் வைத்துச் செய்யலாம். பக்கப் பெயாரிங் மூடிகளை இடம் வலம் மாறாமல் அடையாளமிட்டுக் கழற்ற வேண்டும். கிறவுனும் பினியனும் தொழிற்சாலையில் சோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. பற்களில் குழி விழவில்லை என்றால் இரண்டையும் வைத்துக்கொண்டு பெயாரிங்குகளையும் சீல்களையும் மட்டும் மாற்றலாம். பூட்டும்போது பற்களுக்கிடையிலான இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். 8 அங்குல ஹைலக்ஸ் டிபரன்ஷலுக்கு அது 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை. பற்களில் நிறப்பசை தடவி, தொடுகை பல்லின் நடுவில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வேலையைக் கொடுக்கப்போகும் இடத்தில் டயல் கேஜ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கை அனுபவத்தால் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இந்த ஒரு வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

முழு டிபரன்ஷலையே பழைய பாகக் கடையில் வாங்கிப் பூட்டலாம் என்றும் உங்களுக்குச் சொல்வார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் அதற்கு முன் பல் விகிதத்தை எண்ணுங்கள். போரால் மூடப்பட்டிருந்த ஏ9 2002 இல் திறக்கப்படும் வரை உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத காலத்தைக் கடந்துவந்த வன்னி வாகனங்களில், எந்தப் பாகம் எந்த வாகனத்தில் இருந்து வந்தது என்பதைச் செசி இலக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. நியூற்றலில், ஒரு பின் சில்லைத் தரையிலேயே விட்டு மற்றதைத் தூக்கி, தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுழற்றுங்கள். புரொப்பெலர் சாப்ட் எத்தனை சுற்றுச் சுழன்றதோ அதுவே விகிதம். நான்கு சுற்றும் அதற்கு மேல் சிறு பகுதியும் வந்தால் 4.1 என்று கொள்ளலாம். முன் சில்லுக்கும், அதை அச்சோடு இணைக்கும் ஃப்ரீ வீலைப் பூட்டிவிட்டு, இதையே செய்யுங்கள். முன் பின் இரண்டும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால், சேற்றில் இறங்கி நான்கு சில்லு இழுவையைப் போடும் அன்று ட்ரான்ஸ்பர் பெட்டி அரைபடும். முன்னும் பின்னும் வேறு அளவு ரயர் போட்டாலும் இதேதான்.

நான்கு சில்லு இழுவையைத் தார் வீதியில் போட்டுக்கொண்டு திரும்பும்போது வரும் இழுப்பும் முறுகலும் பழுதல்ல. இவ்வகை வாகனத்தில் முன்னும் பின்னும் தனித்தனி வேகத்தில் போக வழியில்லை. தாரில் அதைப் போடக் கூடாது என்பதே அதற்கு மருந்து. அதைப் போட்டு முழுவதுமாகத் திருப்பும்போது முன் சில்லுப் பக்கம் ‘டக் டக்’ என்று வந்தால் முழங்கால் போன்ற அந்த உருண்டைக்குள் இருக்கும் அச்சு மூட்டு. அதன் கிறீஸும் டிபரன்ஷல் ஒயிலும் கலந்து கஞ்சியாக வழிந்தால் உள் சீல் போய்விட்டது. உங்களுடைய சத்தம் பின்னால் என்பதால் இவற்றை இன்று விட்டுவிடுகிறேன்.

ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை. டிபரன்ஷலுக்கு ஜிஎல்-5 தர 80டபிள்யூ-90 ஒயில். கியர் பெட்டிக்கு 75டபிள்யூ-90, பித்தளைச் சிங்க்ரோவுக்குப் பாதுகாப்பான ஜிஎல்-4 தரம். ஒரே கானில் இரண்டையும் ஊற்றி முடிக்கும் பழக்கம் வேண்டாம். சத்தத்தை மறைப்பதற்காகத் தடித்த ஒயிலோ, மரத்தூளோ, வேறு பசையோ கலந்து தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஆகவே நாளை காலையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பனரையோ சொக்கெற்றையோ, ஒரு பழைய சட்டியையும் எடுத்துக்கொண்டு, நிரப்பும் நட்டைக் கழற்றி ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்தது போல இருந்தால் அன்றைக்கே வடித்து, புது ஒயில் நிரப்பி, பத்துக் கிலோமீற்றர் மெதுவாக ஓட்டி, அதையும் வடித்து மீண்டும் நிரப்புங்கள். முதல் ஒயில் கழுவுவதற்கு மட்டும். மூச்சுக்குழலைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதினால் காற்றுப் போகிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். முடிந்தால் அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டிப் பிக்கப்பின் சுமைப் பெட்டியின் மேல் மட்டம் வரை உயர்த்திக் கட்டுங்கள். பினியன் தட்டில் ஆட்டம் இருக்கிறதா, சோதனை ஓட்டத்தின் மூன்று நிலைகளிலும் சத்தம் எப்படி இருந்தது, திருப்பங்களில் மாறியதா என்பவற்றை எழுதி அனுப்புங்கள். அதுவரை நெல் மூட்டைகளை ஏற்ற வேண்டாம். உழவு இயந்திரப் பெட்டியில் அனுப்பிவிடுங்கள்.